புல்வேய்ந்த கூரையிலிருந்து தகரக் கூரைக்கு: கென்ய உழவர் குடும்பங்களின் குடியிருப்பு மேம்பாட்டில் நேரடிப் பண உதவியின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

ஏழைக் குடும்பங்களுக்குப் பொருளாகவோ நிபந்தனையுடனோ உதவாமல், பணத்தையே நேரடியாக அளித்து, அதைச் செலவிடும் உரிமையையும் அவர்களிடமே விடுவது நேரடிப் பண உதவி எனப்படும். மேற்குக் கென்யாவின் சியாயா வட்டாரத்தில் வாழும் உழவர் குடும்பங்கள் இவ்வகை உதவியைக் கொண்டு தம் வீடுகளை, குறிப்பாகக் கூரைகளை, எவ்வாறு மேம்படுத்திக்கொண்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கூரை என்பது சிறுகச் சிறுக வாங்க இயலாத பொருள். மொத்தத் தொகை ஒரே சமயத்தில் கைக்கு வருவதே இம்மாற்றத்தின் அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: நேரடிப் பண உதவி, கென்யா, சியாயா, குடியிருப்பு, தகரக் கூரை, சேமிப்பு, எம்-பெசா.

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தரின் அடிப்படைத் தேவைகள் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட ஒன்று. இம்மூன்றனுள் உணவையும் உடையையும் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்ள இயலும். ஒரு வேளைக்கு வேண்டிய மாவை அன்றைய கூலியில் வாங்கலாம். ஒரு சட்டையை ஒரு மாதச் சிக்கனத்தில் வாங்கலாம். உறையுளின் இயல்பு வேறு. பாதிக் கூரை மழையைத் தடுக்காது. எனவே வறுமையில் வாழும் குடும்பம் நாள்தோறும் ஈட்டினாலும், அதன் வீடு பல ஆண்டுகள் மாறாமலே இருக்கக் காண்கிறோம்.

இந்நிலையை மாற்றப் பல நாடுகளின் அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் வீடு கட்டித் தருதல், கட்டுமானப் பொருள் வழங்குதல் முதலிய வழிகளைக் கையாண்டு வந்துள்ளன. இவற்றிலிருந்து வேறுபட்ட வழியாகப் பணத்தையே கொடுத்துவிடும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்தது. ‘ஏழைகளிடம் பணத்தைக் கொடுத்தால் அது வீணாகும்’ என்னும் ஐயமும் அதனுடன் வளர்ந்தது. அவ்வையத்திற்குக் கென்ய உழவர் குடும்பங்களின் கூரைகள் தரும் விடையைக் கீழ்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

சியாயா வட்டாரமும் அதன் வீடுகளும்

சியாயா, கென்யாவின் மேற்கே விக்டோரியா ஏரிக்கரையை ஒட்டி, நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் அமைந்த மாவட்டம். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் லுவோ இனத்தவர். மக்காச்சோளம், சோளம், பயறு, மரவள்ளி ஆகியவை சிறு நிலங்களில் பயிரிடப்படுகின்றன. ஏரியையொட்டிய ஊர்களில் மீன்பிடித்தலும் உண்டு. ஆண்டிற்கு இரு மழைப்பருவங்கள் உள்ளன. மார்ச்சு முதல் மே வரை பெய்வது நெடுமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது குறுமழை. உழவும் விதைப்பும் இம்மழைகளை நம்பியே நடைபெறுகின்றன.

ஏழைக் குடும்பத்தின் வீடு பொதுவாக மரக்கம்புகளை நட்டு, இடையே மண்ணைப் பூசி எழுப்பிய சுவரும், மண் தரையும், புல்வேய்ந்த கூரையும் கொண்டது. சற்று வசதி பெற்றோர் வீட்டில் முதலில் மாறுவது கூரை. புல் நீக்கப்பட்டு, சுவாகிலி மொழியில் ‘மபாட்டி’ எனப்படும் நெளிதகடு வேயப்படுகிறது. தமிழில் தகரக் கூரை என்று நாம் வழங்குவது இதனையே. சுவரும் தரையும் மண்ணாகவே இருக்க, மேலே தகரம் மின்னும் வீடுகளை இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் காணலாம். ஒரு வீட்டின் பொருளாதார நிலையைத் தொலைவிலிருந்தே காட்டும் அடையாளமாகக் கூரை விளங்குகிறது.

புற்கூரை என்னும் தொடர்செலவு

புல் விலையின்றிக் கிடைப்பது, தகரம் விலைகொடுத்து வாங்குவது. ஆகவே புற்கூரையே ஏழைக்குச் சிக்கனமானது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. புல் மழையில் அழுகும். வெயிலில் உலர்ந்து உதிரும். கறையானும் எலியும் அதனைக் கெடுக்கும். எனவே மழைக்கு முன் பழுதுபார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கொரு முறை முழுவதும் புதிதாக வேய வேண்டும். மேய்ச்சல் நிலமும் தரிசும் விளைநிலமாக மாறிய ஊர்களில் கூரைக்கேற்ற புல்லையும் விலைக்கு வாங்க வேண்டியுள்ளது. வேய்வோர்க்குக் கூலி தனி.

இச்செலவு வரும் காலமும் கருதத்தக்கது. நெடுமழைக்கு முந்தைய வாரங்கள், சென்ற அறுவடையின் தானியம் தீர்ந்துகொண்டிருக்கும் காலம். விதையும் உரமும் வாங்க வேண்டிய காலமும் அதுவே. கையில் பணம் மிகக் குறைவாக உள்ள வேளையில் கூரை தன் பங்கைக் கேட்கிறது. குடும்பம் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டால் ஒழுக்கு தொடங்கும். ஒழுகும் வீட்டில் சேமித்த தானியம் நனைந்து பூஞ்சை பிடிக்கும், மண்சுவர் கரையும், பிள்ளைகளின் படுக்கை ஈரமாகும். ஆகவே புற்கூரையின் உண்மையான விலை, புல்லின் விலையன்று; ஆண்டுதோறும் அது விழுங்கும் பணமும் உழைப்பும் சேதமும் சேர்ந்ததாகும். தகரக் கூரைக்கான செலவு பெரிது. எனினும் ஒருமுறை வேய்ந்தால் பல ஆண்டுகள் நிலைக்கும். எனவே அது முதலீட்டின் தன்மை கொண்டது.

சேமிப்பு ஏன் கூரையாவதில்லை?

தகரக் கூரை இத்துணை ஆதாயமானதெனில், குடும்பங்கள் சிறுகச் சேமித்து அதனை ஏன் வேய்வதில்லை என்னும் வினா எழுகிறது. இதற்குச் சோம்பலும் அறியாமையும் காரணமல்ல. எடுத்துக்காட்டாக, கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள் கொண்ட ஓர் உழவர் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அறுவடைக்குப்பின் மக்காச்சோளத்தின் ஒரு பகுதியை விற்று, கூரைக்கெனச் சிறு தொகையை அக்குடும்பம் ஒதுக்குகிறது. அடுத்த மாதம் ஒரு பிள்ளைக்கு மலேரியா. மருத்துவச் செலவிற்கு அத்தொகையில் பாதி போகிறது. அதற்கடுத்து உறவினர் வீட்டில் இறப்பு. அங்கே கைவிரித்து நிற்க இயலாது. மீதமுள்ளது பள்ளிக் கட்டணத்திற்குச் செல்கிறது. அடுத்த அறுவடையில் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது.

இக்குடும்பம் எடுத்த முடிவுகளுள் தவறானது எதுவுமில்லை. சிறு தொகை எந்த அவசரத்திற்கும் உடனே பயன்படும். பெருந்தொகையாக வளர்வதற்குள் அவசரங்கள் அதனைக் கரைத்துவிடும். வங்கிக் கடனுக்குப் பிணை வேண்டும். கந்துவட்டி கூரையின் ஆதாயத்தை விழுங்கிவிடும். இதனால்தான் கென்யாவில் ‘சாமா’ எனப்படும் சுழற்சிச் சேமிப்புக் குழுக்கள் பரவலாக உள்ளன. உறுப்பினர் ஒவ்வொருவரும் குறித்த தொகையைச் செலுத்த, முறைவைத்து ஒருவர் முழுத்தொகையையும் பெறுவார். தமிழர் நன்கறிந்த சீட்டு முறையும் இத்தகையதே. சிறு தொகைகளை ஒரு பெருந்தொகையாக்கும் தேவை எத்துணை ஆழமானது என்பதற்கு இக்குழுக்களே சான்று. ஆனால் ஒழுங்கான வருவாய் இல்லாதோர்க்கு மாதத் தவணையைச் செலுத்துவதும் கடினம்.

பணம் சென்றடையும் முறை

இவ்விடத்தில்தான் நேரடிப் பண உதவி நுழைகிறது. இதற்கு வழியமைத்தது கைப்பேசி. 2007-ஆம் ஆண்டு மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் கென்யாவில் எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவையைத் தொடங்கியது. சுவாகிலியில் ‘பெசா’ என்றால் பணம். வங்கிக் கணக்கு இல்லாதவரும் கைப்பேசி வழியாகப் பணம் பெற்று, அருகிலுள்ள முகவரிடம் ரொக்கமாக மாற்றிக்கொள்ள இயன்றது. வங்கிக் கிளை இல்லாத சிற்றூருக்கும் இடைத்தரகரின்றிப் பணம் அனுப்ப வழி பிறந்தது.

கிவ்டைரக்ட்லி என்னும் தொண்டு நிறுவனம் இவ்வழியைப் பயன்படுத்திக்கொண்டது. சியாயாவில் அது பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கக் கொண்ட அளவுகோல் எளியது: வீட்டின் கூரை புல்லால் வேயப்பட்டிருக்க வேண்டும். வருமானச் சான்றோ பரிந்துரையோ தேவையில்லை; கண்ணால் கண்டே உறுதிசெய்யலாம். 2014 முதல் நடைபெற்ற பெருந்திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 87,000 கென்ய ஷில்லிங் வழங்கப்பட்டது. இது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,000 அமெரிக்க டாலர். முதலில் 7,000 ஷில்லிங் அனுப்பி, பணம் உரியவரைச் சேர்கிறதா என்று உறுதிசெய்தனர். பின்னர் 40,000 ஷில்லிங் வீதம் இருமுறை அனுப்பினர். இதைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. திருப்பிச் செலுத்த வேண்டியதும் இல்லை.

ரரியேடா ஆய்வின் முடிவுகள்

இம்முறையின் விளைவுகளை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்கள் யோகானஸ் ஹவுஷோஃபர், ஜெரமி ஷாபிரோ ஆகிய இருவர். ஷாபிரோ, கிவ்டைரக்ட்லியை நிறுவியவர்களுள் ஒருவர் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 2011 முதல் 2013 வரை ரரியேடாப் பகுதியில் நடைபெற்ற இவ்வாய்வு 2016-இல் வெளியாயிற்று. புற்கூரை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களிலிருந்து குலுக்கல் முறையில் 503 குடும்பங்கள் பண உதவிக்குத் தெரிவு செய்யப்பட்டன. அதே ஊர்களில் உதவி பெறாத 505 குடும்பங்கள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டன. தெரிவு குலுக்கல் வழி நடந்ததால், பின்னர் இரு குழுக்களிடையே தோன்றிய வேறுபாட்டைப் பணத்தின் விளைவாகவே கொள்ளலாம்.

முடிவுகளுள் கூரை பற்றியது தெளிவானது. உதவி பெறாத குழுவில் தகரக் கூரை உடையோர் 16 விழுக்காட்டினர். உதவி பெற்ற குழுவில் இது 23 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுந்திருந்தது. அதாவது நூறு குடும்பங்களுக்குப் பதினாறு என்றிருந்தது ஏறத்தாழ முப்பத்தொன்பதாக உயர்ந்தது. குடும்பங்களின் மொத்த உடைமை மதிப்பும் மிகுந்தது. அதில் கால்நடைகளும் வீட்டுப் பொருள்களும் அடங்கும். உணவு உள்ளிட்ட நுகர்வும் கூடியது. மது, புகையிலை ஆகியவற்றின் செலவு கூடவில்லை. பணம் வீணாகும் என்னும் ஐயத்திற்கு இது நேர்விடையாகும்.

இவ்வெண்களின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. பணம் பெற்றும் நூற்றில் அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் புற்கூரையிலேயே இருந்தன. இதற்கு ஒரு காரணம், பலர் பெற்ற தொகை 25,200 ஷில்லிங் மட்டுமே. ஒரு பகுதியினரே 95,200 ஷில்லிங் பெற்றனர். மற்றொரு காரணம், தேவைகள் வீட்டிற்கு வீடு வேறுபடுவதாகும். ஒரு குடும்பத்திற்குக் கறவை மாடு முதன்மையானது, மற்றொன்றிற்குச் சிறுகடை. அனைவருக்கும் தகரமே வழங்கும் திட்டம் நூறு கூரைகளைக் காட்டியிருக்கும். ஆயினும் அவற்றுள் பலருக்கு அவ்வாண்டின் முதல் தேவை கூரையாக இருந்திராது. எனவே கூரையை மாற்றிய குடும்பங்கள் தாமே கணக்கிட்டு அம்முடிவை எடுத்தன என்று கொள்வதே பொருந்தும்.

மொத்தமாகவா, மாதந்தோறுமா?

இவ்வாய்வு பணம் வந்து சேரும் முறையையும் குலுக்கலுக்கு உட்படுத்தியது. சிலருக்குத் தொகை ஒரே தவணையாகவும், சிலருக்கு மாதந்தோறும் பகுத்தும் வழங்கப்பட்டது. மாதந்தோறும் 2,800 ஷில்லிங் வீதம் ஒன்பது மாதங்கள் பெற்றோரின் மொத்தத் தொகையும், ஒரே முறை 25,200 ஷில்லிங் பெற்றோரின் தொகையும் ஒன்றே. ஆயினும் விளைவுகள் வேறுபட்டன. மாதத் தவணை பெற்ற குடும்பங்களில் உணவுப் பாதுகாப்பு மேம்பட்டது. ஒரே முறை பெற்றவர்கள் நீடித்துழைக்கும் பொருள்களில் மிகுதியாகச் செலவிட்டனர்.

தொகை ஒன்றாயினும் அதன் வடிவம் பயனை மாற்றுகிறது என்பதே இதன் பொருள். முற்பகுதியில் கூறிய சேமிப்புச் சிக்கலை இது உறுதிப்படுத்துகிறது. பின்னாளில் கென்யாவில் நடைபெற்ற அடிப்படை வருமானச் சோதனையிலும் இதனையொத்த செய்தி கிடைத்தது. அங்கு நீண்டகாலம் மாதந்தோறும் பணம் பெறும் உறுதி பெற்றவர்கள், சுழற்சிச் சேமிப்புக் குழுக்கள் வழியாக அதனைப் பெருந்தொகையாக மாற்றிக்கொள்ள முயன்றனர். ஆகவே குடியிருப்பை நோக்கமாகக் கொண்ட உதவி, மொத்தத் தொகையாக அமைவதே தகும்; பசியை நோக்கமாகக் கொண்டது சீரான தவணையாக அமைவது தகும்.

கூரையின் கீழ் நிகழும் மாற்றங்கள்

புதிய கூரை வேயப்படும்போது வீட்டின் பிற உறுப்புகளும் மாறுகின்றன. தகரத்தைத் தாங்க நேரான மரச்சட்டங்கள் வேண்டும். அவற்றைத் தாங்கச் சுவரைச் செப்பனிட வேண்டும். புற்கூரைக்கும் மண்சுவருக்கும் இடையே விடப்பட்டிருந்த இடைவெளியை இவ்வேளையில் அடைத்துவிடவும் வாய்ப்புண்டு. மலேரியாவைப் பரப்பும் கொசுக்கள் பெரும்பாலும் இவ்விடைவெளி வழியாகவே இரவில் நுழைகின்றன. ஆப்பிரிக்க நாடுகள் 21-இன் தரவுகளை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேம்பட்ட வீடுகளில் வாழும் குழந்தைகளுக்கு மலேரியாத் தொற்று வாய்ப்பு 9 முதல் 14 விழுக்காடு குறைந்திருந்ததாகக் காட்டியது.

தகரக் கூரையில் விழும் மழைநீர் தூயதாக வழிவதால், அதனைத் தொட்டியில் சேர்த்துப் பயன்படுத்தலாம். புற்கூரை நீர் அதற்கு உதவாது. நீர் சுமக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கும் சிறுமியர்க்கும் உரியதாக உள்ள ஊர்களில் இது சிறு பயனன்று. உள்ளத்தின் நிலையிலும் மாற்றம் காணப்பட்டது. ரரியேடாவில் பணம் பெற்றோரின் மனநலக் குறியீடு பெறாதோரைவிட உயர்ந்திருந்தது. அதில் கூரைக்கு மட்டும் உரிய பங்கைப் பிரித்துரைக்க இயலாதெனினும், மழை இரவில் பாத்திரங்களை ஒழுக்குக்கு ஏந்தி வைத்துக் காத்திருக்கும் நிலை நீங்குவது ஒரு குடும்பத்திற்கு எத்தகைய அமைதி என்பதை எளிதில் உணரலாம்.

தகரக் கூரைக்குக் குறைகளும் உண்டு. நண்பகலில் வீட்டினுள் வெப்பம் மிகும். பெருமழையில் பேச்சுக் கேளாத அளவு ஓசை எழும். புற்கூரையின் குளுமையை இழப்பதை அறிந்தே குடும்பங்கள் தகரத்தைத் தேர்கின்றன.

ஊருக்குப் பரவும் பயன்

கூரைக்குச் செலவிடும் பணம் ஊரிலேயே சுழல்கிறது. மரச்சட்டம் விற்பவர், ஆணியும் தகடும் விற்கும் கடைக்காரர், சுமையேற்றிச் செல்பவர், ‘ஃபுண்டி’ எனப்படும் தச்சர் ஆகியோர் வருவாய் பெறுகின்றனர். அவர்களும் தம் வருவாயை உள்ளூர்ச் சந்தையில் செலவிடுகின்றனர். டென்னிஸ் எகர், ஹவுஷோஃபர், எட்வர்ட் மிகேல், பால் நீஹாஸ், மைக்கேல் வாக்கர் ஆகியோர் சியாயாவின் 653 ஊர்களில் மேற்கொண்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வு இச்சுழற்சியை அளந்தது. அத்திட்டத்தில் 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பணம் பெற்றன. வழங்கிய ஒவ்வொரு ஷில்லிங்கிற்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் ஏறத்தாழ 2.5 ஷில்லிங் அளவிற்கு விரிந்தது. பணம் பெறாத குடும்பங்களின் வருவாயும் நுகர்வும் உயர்ந்தன. விலைவாசி உயர்வு சராசரியாக 0.1 விழுக்காடு என்னும் மிகச்சிறிய அளவிலேயே நின்றது.

எல்லைகள்

இம்முறையின் எல்லைகளையும் கூறுதல் கடன். முதலாவது, கூரையை அளவுகோலாகக் கொள்வதிலுள்ள சிக்கல். பல ஆண்டுகள் வயிற்றைக் கட்டிச் சேமித்து, சென்ற ஆண்டுதான் தகரம் வேய்ந்த குடும்பம் உதவி பெறாது. அண்டை வீட்டுப் புற்கூரை பெறும். இருவர் வறுமைக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லாத நிலையில், முயன்றவரே விடுபடும் நேர்மைக்கேடு இதில் உள்ளது. ஊரிலுள்ள வயது வந்தோர் அனைவருக்கும் பணம் வழங்கும் அடிப்படை வருமானச் சோதனையின் முறையில் இச்சிக்கல் எழுவதில்லை.

இரண்டாவது, அண்டை வீட்டாரின் மனநிலை. ரரியேடாத் தரவுகளைக் கொண்டு செய்த மற்றோர் ஆய்வு, அயலாரின் செல்வம் திடீரென உயர்ந்தபோது பெறாதவர்களின் வாழ்க்கை நிறைவு குறைந்ததையும், காலப்போக்கில் அவ்விளைவு மங்கியதையும் பதிவு செய்தது. தகரக் கூரை எவர் கண்ணுக்கும் படுவதாதலின் இவ்வருத்தம் இயல்பானதே.

மூன்றாவது, நீடிப்பு. மூன்றாண்டுகளுக்குப் பின் நோக்கியபோது, பணம் பெற்றோர் தொலைவிலுள்ள பிற ஊர்களில் பெறாதோரைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுந்த உடைமை கொண்டிருந்தனர். எனினும் அவ்வூர்களோடு ஒப்பிட்டபோது ஏனைய நலன்களில் அத்துணைத் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. கூரை நிலைக்கலாம், ஆனால் அதுவே வருவாயை வளர்த்துவிடாது. சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைக் குடும்பம் தன் கைப்பணத்தால் அமைத்துக்கொள்ளவும் இயலாது. அவை பொதுக்கடமைகளாகவே நிற்கும்.

முடிவுரை

சியாயாவின் உழவர் குடும்பங்கள் புற்கூரையில் வாழ்ந்தது தகரத்தின் பயனை அறியாமையால் அன்று. பயனறிந்தும் மொத்தத் தொகையைத் திரட்ட இயலாமையால். ஆண்டுதோறும் புல்லுக்கும் பழுதுக்கும் அவர்கள் செலவிட்டது, வறியவர் வறுமைக்காகச் செலுத்தும் வரி போன்றது. நிபந்தனையற்ற மொத்தப் பணம் அத்தொடரை ஒரே முறையில் அறுக்க வழிசெய்தது. எந்தக் குடும்பத்திற்குக் கூரை முதன்மை, எதற்கு மாடு முதன்மை என்னும் முடிவை அக்குடும்பங்களிடமே விட்டது.

உதவித் திட்டங்களை வகுப்போர் ‘ஏழைகளுக்கு என்ன தரலாம்?’ என்னும் வினாவுடன் ‘எந்த வடிவில், எவ்வளவு தொகையை, எக்காலத்தில் தரலாம்?’ என்னும் வினாவையும் இணைத்துக் கேட்க வேண்டும். நெடுமழை தொடங்குமுன் முழுத்தொகையாகக் கைசேரும் பணம் கூரையாகலாம்; அதே பணம் பன்னிரண்டு துண்டுகளாக வந்தால் உணவாகித் தீரும். இரண்டும் தேவையே. எனினும் இவ்வேறுபாட்டை உணர்ந்து வகுக்கும் திட்டமே உழவர் குடும்பத்தின் உறையுளை மாற்றும் என்பது இக்கட்டுரையால் பெறப்படும் முடிவாகும்.